பத்தாயிரம் லாரி

இந்தியை நான் இடது காதால் மட்டும்தான் படித்தேன். சிவகாசி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்குக் கொடுத்த ஹெட்போனில் வலது பக்கம் செத்துப் போயிருந்தது. இடது காதில் எங்கோ வடக்கே இருந்து ஆசிரியை பேசுவார். வலது காதில் பக்கத்துத் தடுப்புக்குள் யாரோ ஒருவர் பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார். இரண்டுக்கும் நடுவில் என் தலை இருந்தது.

இது இரண்டாயிரங்களின் பின்பாதியில். பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதே கம்பெனிக்கு நாரணாபுரத்தில் இருந்த தொழிற்சாலையில்தான் அம்மா சரம் பின்னினாள். ஒற்றை ஒற்றை வெடியாக எடுத்துத் திரியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டே போனால் சரவெடி. எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா அந்த நாற்காலியைப் பார்க்கவே ஒருநாள் ஆபீஸுக்கு வந்து போனாள்.

முதலாளி முதல் வாரமே சொல்லிவிட்டார்: "சீசனுக்குள்ள இந்தி படிச்சிரு தாயி. வடக்க இருந்து வர்ற போனெல்லாம் நீதான் பாக்கணும். முடியலன்னா ஒண்ணும் பாதகமில்ல, அம்மாகூடப் போயிச் சரம் பின்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை. மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சொன்னார்.

பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஆன்லைன் இன்டென்சிவ் கோர்ஸில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். எங்கள் கணக்குப்பிள்ளைக்கு அது பிடிக்கவே இல்லை. லோடுக்குக் காத்திருக்கும் வடநாட்டு லாரி டிரைவர்களோடு டீ குடித்தே இந்தி கற்றவர் அவர்.

"கெணத்துல எறங்காம நீச்சல் படிச்சவன் எவன் இருக்கான்? ஆளு மூஞ்சியப் பாத்துப் படிக்கணும் தாயி. பொட்டிக்குள்ள என்ன மொழி இருக்கும்?"

பெட்டிக்குள் ஆசிரியை தபால்தலை அளவில் இருந்தார். பெரும்பாலும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். இந்தியிலும் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதற்குள் கரண்டு போய்விடும். 'மை ஆம்' என்று ஆரம்பித்தார் ஒருநாள், அதாவது 'நான் மாம்பழம்'. அதோடு போன கரண்டு நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை வரவில்லை. அந்த மாம்பழத்தைத் தின்றாரா, விற்றாரா, யாருக்காவது கொடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரியவர்களை 'ஆப்' என்று அழைக்க வேண்டும் என்பதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னபோது, "மருவாத குடுக்கணும்னா ஆப்பு வைக்கணுமா? நல்ல ஊருதான்" என்றாள்.

எண்களும் வந்துவிட்டன. தஸ் என்றால் பத்து. ஹஜார் என்றால் ஆயிரம். சாஹியே என்றால் வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பாரதத்தையே கட்டி ஆளலாம் என்ற திமிரில்தான் சீசனின் முதல் போனை எடுத்தேன். பேசியவர் எங்கள் கம்பெனியிடம் வெகுகாலமாகச் சரக்கு எடுக்கும் வடக்கத்தி வியாபாரி. முதலாளியே அவர் பெயரைச் சொல்லும்போது செருப்பைக் கழற்றிவிடுவார்.

"தஸ் ஹஜார் லடீ சாஹியே" என்றார்.

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினேன்: "மொதலாளி! பத்தாயிரம் லாரி வேணுமாம்!"

முதலாளி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். நியாயமாக அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் ஆசை யாரை விட்டது? "நாட்டுல சனத்தொகை கூடிருச்சுல்ல, கேக்கத்தான் செய்வாக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இந்த ஜில்லாவுலயே அம்புட்டு லாரி இருக்காதே மொதலாளி" என்றார் கணக்குப்பிள்ளை.

"ஆமத்தூர்ல கேளுங்க. வெம்பக்கோட்டைப் பக்கம் டிராக்டர் கெடைக்குமான்னு பாருங்க. பத்தாயிரம் இல்லாட்டியும் ஒரு நூறாச்சும் ஒத்துக்குவோம்."

வண்டிகளை எந்த ரோட்டில் நிறுத்துவது என்பதுவரை பேச்சு போய்விட்டது. ஆர்டரை உறுதி செய்ய அனுபவஸ்தர் வேண்டும் என்று கணக்குப்பிள்ளை என்னிடமிருந்து போனை வாங்கினார். நேரில் கற்ற இந்தி அல்லவா? டிரைவர்கள் ஒருவரை ஒருவர் சாலே, சாலே என்று கூப்பிடுவதைக் கேட்டு அர்த்தமும் விசாரித்து வைத்திருந்தார். மச்சினன் என்று அர்த்தமாம். அது சரிதான். நம் பக்கம் மாப்ளே, மச்சான் என்றால் பாசம். போதாததற்கு, நாம் 'வாலே, போலே' என்பது போல அந்தச் சொல்லும் 'லே' என்று முடிகிறது. இதைவிட நம்மூர்ச் சொல் உண்டா? உறவு சொல்லிக் கூப்பிட்டால் எந்த ஊர்க்காரரும் இறங்கி வருவார் என்று நம்பி, வாய் நிறையச் சிரித்தபடி போனில், "போல் சாலே!" என்றார், அதாவது 'சொல்லு மச்சினா'.

வடக்கே மச்சினன் என்பது வசவு. போன் வெடித்தது. நாங்கள் தயாரித்த எதுவும் அப்படி வெடித்ததில்லை. பிறகு லைன் அறுந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பழைய ஆள், அவரைப் பார்த்துப் பயனில்லை. "தாயி, நாளையில இருந்து..." என்று ஆரம்பித்தார். அவரும் வினைச்சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டார். அம்மாவிடம் நாற்காலி போய்விட்டது என்று எப்படிச் சொல்வேன்?

அப்போது மறுபடி போன் அடித்தது. தீபாவளி யாருக்காகவும் காத்திருக்காது, சரக்கு வேண்டுமே அவருக்கு. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

"ஆப்" என்றேன். "ஆப், ஆப், ஆப்." மன்னிப்புக்கு இந்தி தெரியாததால் இருந்த மரியாதையை எல்லாம் கொட்டினேன். அவர் கொஞ்சம் தணிந்து, "லடீ" என்றார். "லாரி?" என்றேன். "நஹீ, லடீ!" "டிரக்?" "நஹீ!" இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பெரிய மனிதர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, "பட்பட்பட்பட்பட்பட்பட்... டமார்!" என்றார்.

லடீ என்றால் சரம்! பத்தாயிரம் வெடி வைத்த சரம்! நானும் சந்தோஷத்தில் பட்பட்பட் என்று பதில் சொன்னேன். அவர் சிரித்தேவிட்டார். அதன் பிறகு எங்களுக்கு மொழி எதற்கு? "புஸ்ஸ்ஸ்" என்றார், புஸ்வாணம் எழுதினேன். "ஸுய்ய்ங்" என்றார், ராக்கெட். "ர்ர்ர்ர்" என்று நான் நாக்கைச் சுழற்றிச் சங்குசக்கரம் வேண்டாமா என்று கேட்டேன். பெட்டி எத்தனை என்பதற்கு மட்டும் கோர்ஸ் உதவியது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் முதலாளி கைகட்டி நிற்கிறார். "எம்புட்டுச் சரளமா இந்தி பேசுது பாத்தீகளா! இன்டென்சிவ்னா இன்டென்சிவ்தான்யா" என்றார். கணக்குப்பிள்ளையோ, பக்கத்தில் இருந்து தன்னைப் பார்த்துப் படித்ததுதான் என்றார். நான் இருவரையும் மறுக்கவில்லை. வேலை நிலைத்தது, அது போதும்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். நாற்காலி போகாது என்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லாரிக் கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு திடீரென்று, "அந்தாளு எப்பிடிச் சத்தம் போட்டாரு? சொல்லு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"பின்னி அனுப்புறதோட சரி. அம்புட்டுப் பெரிய சரம் வெடிச்சு நான் எங்கன கேட்டிருக்கேன்? எல்லாம் வடக்கயில்ல போயிருது."

நான் அவள் எதிரில் உட்கார்ந்து, பட்பட்பட் என்று ஆரம்பித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் மடியில் தன்னால் பின்னிக்கொண்டிருந்தன. மூச்சு முட்டும்வரை சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

அம்மா கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "இன்னும் பத்தாயிரம் ஆகல புள்ள. வெடி."