மேட்டு வேம்பு முந்திய வருசம்

பழனாத்தாள் அக்காவுக்கு ரேடியோவில் சொல்லும் மழை மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. வேலம்பாளையத்துக்கு வடக்கே அவளுக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு இருந்தது. காட்டின் மேட்டில் ஒரு வேம்பு, பள்ளத்தில் ஒரு வாகை. மாசியில் இரண்டும் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பங்குனியில் மேட்டு வேம்பு முதலில் துளிர்த்தால் கோடை மழை தவறாது. பள்ளத்து வாகை முந்திக்கொண்டால் அந்த வருசம் விதைப் பானையைத் திறக்கவே கூடாது. அவள் மாமனார் சொல்லிவிட்டுப் போனது இது. காய்ந்து கிடக்கும் மேட்டிலேயே ஒரு மரம் துணிந்து துளிர் விடுகிறதென்றால் மழை வரப்போவது அதற்குத் தெரிந்திருக்கிறது என்பாள்.

நான் கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் காட்டோரம் கட்டிவிட்டிருந்த ஓடு வேய்ந்த இரண்டு அறைகளில் ஒன்றில் நானும் என் மகளும் குடியிருந்தோம். எங்கள் ஊரில் மழைக்கு வானத்தைப் பார்ப்போம், இங்கே மரத்தைப் பார்க்கிறீர்களே என்று கேலி செய்வேன். உங்கள் ஊரில் பார்க்க மரம் இருந்தால்தானே அம்மிணி என்று திருப்பிக் கொடுப்பாள். புருசன் செத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஆம்பளை இல்லாத காட்டை எவனும் உழ வரவில்லை. தானே மாட்டைப் பூட்டி உழுதாள். ஊரே வேடிக்கை பார்த்தது, வெட்கமில்லாத ஊர்.

எண்பத்தேழாம் வருசத்தில் அந்தக் காட்டைச் சுற்றிப் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் வந்துவிட்டன. மேட்டை ஒட்டி ஒரு பட்டறை சுவர் எழுப்பியிருந்தது. நான் அங்கேதான் துணி அலசினேன். பட்டறைக்காரர்கள் அவள் காட்டையும் குத்தகைக்குக் கேட்டார்கள். மகன் லிங்கசாமிக்கு விட்டுவிடத்தான் ஆசை. அவன் இரண்டு வருசம் துணி வெட்டப் பழகியிருந்தான். ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவே கூப்பிட்டார்கள். அம்மாவும் மகனும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பங்குனியில் வாகை முந்தினால் காடு குத்தகைக்கு, அவன் கம்பெனிக்கு. வேம்பு முந்தினால் அவன் அந்த வருசம் ஏர் பிடிக்க வேண்டும். அவனுக்கு மரத்தில் நம்பிக்கை இல்லை, அம்மாவின் சொல்லில் இருந்தது. ஒத்துக்கொண்டான்.

வேம்புதான் முந்தியது. வாகை குச்சியாக நிற்கும்போதே வேம்பு தளதளவென்று செந்துளிர் விட்டுவிட்டது. அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அம்மிணி, நான் ஆசையில பாக்கறேன். நீ வெளியாளு, நீ பாத்துச் சொல்லு. இதைய நம்பலாமா?"

எனக்குத் தெரியும். நாங்கள் துணி அலசிய கடைசித் தண்ணீரைத் தை மாதத்திலிருந்து சுவரோரக் குழியில்தான் திறந்துவிட்டோம். குழிக்கு நேர் அந்தப்பக்கம் வேம்பு. மரம் மழையைக் கண்டு துளிர்க்கவில்லை, எங்கள் தண்ணீரைக் குடித்துத் துளிர்த்திருந்தது. சுவர் மறைத்ததால் அவளுக்கு அது தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். காடு குத்தகைக்குப் போனால் முதலில் இடிபடுவது என் அறை என்பதும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்.

"நம்பலாம்க்கா" என்றேன்.

லிங்கசாமி கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். சித்திரையில் ஒரே ஒரு மழை பெய்தது. அன்றே ஈரம் காயுமுன் சோளம் விதைத்தார்கள். முளைத்து ஒரு சாண் வந்தது. அதற்குப் பிறகு வானம் வாயைத் திறக்கவில்லை. வைகாசியில் பயிர் சுருண்டபோது, பயிரைக் காப்பாற்ற, காட்டில் வற்றிக் கிடந்த பழைய கிணற்றை ஆழப்படுத்த இறங்கினான் அவன். அம்மா நம்பியது பொய்யாகக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. பாறைக்கு வெடி வைத்தார்கள். ஒரு வெடி வெடிக்காமல் குழிக்குள்ளேயே கிடந்தது. அது தெரியாமல் கல்லைப் புரட்டினான், வெடித்துவிட்டது. உயிர் பிழைத்தது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. அந்தக் கையால் கத்திரியையும் பிடிக்க முடியாது, ஏரையும் பிடிக்க முடியாது. நான் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவன் இடது கையால் வாங்கிக் குடித்தான்.

ஆடியில் அக்கா கன்றை நிழலில் கட்டுவதற்காக வேம்படியில் முளைக்குச்சி அடித்தாள். காடு முழுக்க மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அங்கே மட்டும் குச்சி இரண்டு தட்டிலேயே இறங்கிவிட்டது. கடப்பாரையை எடுத்துவந்து தோண்டினாள். நான் வேலை முடிந்து வரும்போது முழங்கால் ஆழக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு பிடி ஈரமண். மண் நீலமாக இருந்தது, பட்டறை வாடை அடித்தது. நீலம் ஏறிய என் விரல் நகங்களையும் கையிலிருந்த மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா அம்மிணி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்க்கா" என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், அறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், அவள் என்னை அடிக்கட்டும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நின்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவே இல்லை. மண்ணைக் குழியிலேயே போட்டுக் காலால் தள்ளி மூடினாள்.

"நான் உன்னைத்தானே கேட்டேன்" என்றாள். கன்றைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.