பெட்டிக்குள் இருந்த குறடு

இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு திருகோணமலைக் கடைகளில் வெளிநாட்டுக் குறடுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. பிடித்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை, விலையும் மலிவு. எனக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. கந்தளாய்ப் பக்கம் ஒரு பட்டறையில் அதே குறட்டைச் செய்யப்போகிறார்கள், கொஞ்சம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று, படகு இயந்திரம் திருத்த என்னிடம் வந்தவர்களோடெல்லாம் சண்டை பிடித்தேன்.

சல்லிக் கிராமத்திலிருந்து வரும் மீனவர் ஒருவர் மட்டும் என் கதையை நம்பினார். "ஓம் அண்ணை, நம்மட சாமான் வரட்டும்" என்றார். அதுவரை சாதாரணக் குறட்டால் பிடித்து, அதன் கைபிடிகளைச் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டி வேலை பார்த்தார். அப்படித்தான் நாங்கள் எல்லோரும் சமாளித்துவந்தோம்.

ஏழெட்டு மாதமாகியும் பட்டறையிலிருந்து ஒன்றும் வரவில்லை. தேய்ந்த நட்டு ஒன்றோடு பகல் முழுக்க மல்லுக்கட்டித் தோற்ற நான், மறுநாள் ஒருவருக்கும் சொல்லாமல் வெளிநாட்டுக் குறடு ஒன்றை வாங்கினேன். ஆட்கள் வந்தால் அதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன்.

அடுத்த கிழமை அந்த மீனவர் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். கடலில் வைத்து ரியூப் அறுந்து, குறடு வழுக்கி, இரண்டு விரல்கள் இயந்திரத்தில் நசிந்துவிட்டனவாம். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

"அண்ணை, நம்மட குறடு எப்ப வரும்?" என்றுதான் கேட்டார்.

பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த நான், "அடுத்த மாசம் வரும்" என்றேன்.