பேனரில் ஏறிய பதினொரு பேர்

நெனித்தா பால்மாரெஸுக்கு முடியாது என்று சொல்ல வராது. முப்பது வருடத்தில் சமையல் பாடம், தையல் பாடம், பள்ளி நாடகத்துக்குத் தாடி ஒட்டுவது எல்லாம் அப்படித்தான் அவள் தலையில் விழுந்தன. மாணவர் நலப் பொறுப்பும் அப்படித்தான். படித்துத் தேறிய ஆலோசகர் யாரும் அந்தக் கடலோர ஊருக்கு வரச் சம்மதிக்கவில்லை. "உங்க கிளாஸ்லதான் பசங்க அழறாங்க மேம். அது போதும்" என்றார் தலைமையாசிரியர் கவுடென்சியோ. வெங்காயம் நறுக்கும்போது யார்தான் அழமாட்டார்கள்?

ஜூனில் மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டு, கள், சிகரெட், மாத்திரை, மின்சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்க வேண்டும். ஆறு கேள்விகள். உண்டு என்பவர்களுக்குத் தண்டனை கிடையாது. வாரம் ஒருநாள் உட்காரவைத்துப் பேச வேண்டும். நெனித்தா தையல் இயந்திரங்களுக்கு நடுவே இரண்டு நாற்காலி போட்டாள். இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள், மூன்று வாரம். எல்லோருக்கும் ஒரே வாக்கு: "உன் பேரு இந்த ரூமத் தாண்டாது."

அதை நம்பிப் பதினொரு பேர் உண்மையைச் சொன்னார்கள். மீன்காரி லூஸ்விமிண்டாவின் மகன் ரெனான்ட்டே ஆறு கேள்விக்கும் ஆமாம் என்றான். கேட்காத ஏழாவதற்கும் பதில் சொன்னான்.

ஓட்டை விழுந்தது பலகாரத்தில். நூடுல்ஸ் இல்லாத கூட்டத்துக்கு அந்த ஊரில் பாதிரியார்கூட வரமாட்டார். நூடுல்ஸுக்குப் பள்ளியில் பணம் கேட்டால் பெயர்ப்பட்டியல் இணைக்க வேண்டும். 'ஆதரவுத் திட்டம், பதினொரு பேர்' என்று மட்டும் பட்டியலின் மேலே எழுதி எழுத்தர் ஜொமாரியிடம் கொடுத்தாள்.

நர்ஸ் பரீட்சையில் தேறியவளுக்கு பிளெக்ஸ் பேனர், சண்டையில் ஜெயித்த சேவலுக்கும் பேனர் என்று பழகிய ஊர். இருநூற்றுப் பதினான்கில் பதினொன்று என்றதும், ஜெயித்தவர்கள் என்பதைத் தவிர ஜொமாரிக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கொடியேற்றத்துக்கு வந்த நெனித்தா வாசலில் நின்றுவிட்டாள். 'ஆதரவுத் திட்டத்தின் பதினொரு செல்வங்களுக்கு வாழ்த்துகள்!' பதினொரு பாஸ்போர்ட் படங்கள். அவற்றுக்கு மேலே பலாப்பழ அளவில் தலைமையாசிரியரின் முகம்.

தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். பேனருக்கு அடியில் லூஸ்விமிண்டா உறவுக்கூட்டத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதீங்க மேம்! எங்க பரம்பரையிலயே பேனர்ல ஏறின மொத ஆளு இவன்தான். ஆமா, அது என்ன திட்டம்?"

கிழித்தால் ஏன் என்பார்கள். விட்டால் என்ன என்பார்கள். கொடிக்கம்பத்தடியில் வரிசையில் நின்ற பதினொரு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"சமையல்" என்றாள் நெனித்தா. "ஸ்பெஷல் சமையல். வியாழக்கிழமை."

"இவனுக்கு சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதே?"

"அதனாலதாங்க எடுத்தோம்."

மத்தியானம் கவுன்சிலர் மனைவி தன் மகள் கிளாரிபெல்லை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எம் பொண்ணு எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இவள எப்படி மேம் விட்டீங்க?"

அதனாலேதான் என்பது நாக்கு நுனிவரை வந்தது. நெனித்தா பெயரை எழுதிக்கொண்டாள். மறுநாள் சாயந்திரத்துக்குள் இன்னும் முப்பத்தாறு அம்மாக்கள் வந்து போயிருந்தார்கள். முப்பத்தாறையும் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே கவலைதான். அந்தப் பதினொரு பேர் இனி வருவார்களா?

வியாழக்கிழமை வந்தார்கள். கடைசி வரிசையில், அவள் முகத்தைப் பார்க்காமல். அறை பிதுங்கியது. நாற்பத்தெட்டுப் பேர் கிண்டியதில் நூடுல்ஸ் களியாகி அடியும் பிடித்தது. அதையும் தின்று தீர்த்தார்கள்.

"பாத்திரம் தேய்க்க இஷ்டப்பட்டவங்க இருங்க. மத்தவங்க போகலாம்" என்றாள்.

புத்தியுள்ள பிள்ளைகள் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். ரெனான்ட்டே அசையவில்லை. மற்றப் பத்துப் பேர் அவனைப் பார்த்தார்கள்.

"பேனருக்கு மன்னிச்சிடுங்கடா. தப்பு என்மேலதான்" என்றாள் நெனித்தா.

"பரவால்ல மேம். போட்டோல நான் கொஞ்சம் கலரா இருந்தேன்" என்று அவன் தேய்க்கும் நாரை எடுத்தான். பத்துப் பேரும் குழாயடிக்கு வந்தார்கள்.

எண்ணினாள். பன்னிரண்டு. கடைசியில் கிளாரிபெல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நீ போம்மா. அம்மா வெளியில காத்துக்கிட்டிருக்காங்க."

"நாலாவது கேள்விக்குப் பொய் சொல்லிட்டேன் மேம்."

ரெனான்ட்டே நகர்ந்து இடம் விட்டான்.

"அடிபிடிச்ச சட்டி உனக்கு" என்றான். "நீதான ஃபர்ஸ்ட்டு."