மூன்று முறை ‘வழக்கமான பேச்சு’ என்று குறித்தேன்

கணினியில் எங்கேயாவது ‘டிங்’ என்று ஒரு சின்ன மணி ஒலித்தால், இன்றும் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்கிறேன்.

பெருங்களத்தூர் அலுவலகத்தில் எங்கள் மென்பொருளுக்கு ஒரே வேலை. உரையாடல்களை எழுத்தாக்கிப் படித்து, பொருந்தாத பேச்சு வந்தால் மணியடித்து அந்த வரியைச் சிவப்பாக்கும். அதைத் தமிழில் பழக்க, ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுப் பேச்சு கேட்டார்கள். மனைவி மேகலாவின் சம்மதத்தோடு எங்கள் மாலைக் காபி நேரத்தைப் பதிவு செய்தேன்.

மணி அவள் வரிகளில் மட்டும் அடித்தது. “கதவுக்குப் போடுவோமே, அதை எடுங்க.” பூட்டு. எனக்குத்தான் புரிந்ததே. மூன்று பதிவுகளிலும் ‘வழக்கமான பேச்சு’ என்று திருத்தினேன்.

“நம்மூரு தமிழு அதுக்கு இன்னும் செட்டாகல மச்சான்,” என்றான் பக்கத்து இருக்கை சகாயம்.

“உங்க மெஷினுக்கு மாமியார் புத்தி,” என்று மேகலாவும் சிரித்தாள்.

நான்காம் பதிவில் அவள் சொன்னாள்: “தாம்பரத்துல இன்னிக்கு அரிசி லேட்டு.” மணி. மூச்சுக்கூட விடாமல் என் குரல்: “ரயில்தானே? சரி, காபி ஆறுது, குடி.”

ஹெட்போனைக் கழற்றினேன். பொருந்தவில்லை என்று இயந்திரம் சொல்லச் சொல்ல, நான் பொருத்திக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

குரோம்பேட்டையில் ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடப்பக்கம், எலுமிச்சை அளவில் மெனிஞ்சியோமா (மூளையின் உறையில் வளரும், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி). அது அழுத்தியதால் அஃபேசியா (நினைப்பு இருந்தும் சொல் நழுவும் நிலை).

மருத்துவர் படத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: “எத்தனை மாசமா சார் அவங்களுக்கும் சேர்த்து நீங்க பேசறீங்க?”



கட்டியை எடுத்தார்கள். பேச்சுப் பயிற்சி தந்த பெண் எனக்கும் ஒன்று சொல்லிக்கொடுத்தார்: அவள் சொல் தேடும்போது வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். என்னைப் போலத் துணைக்கு இருப்பவர்களே, கடினமானது அதுதான். அவள் தேடும்போது என் நாக்கு பல்லில் முட்டுகிறது. ஒரு சொல்லுக்கு முன்னால் இவ்வளவு பெரிய வெட்டவெளி கிடப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. இப்போது பொழுதையே அவளுடைய நிறுத்தங்களால்தான் அளக்கிறேன்.

திங்கட்கிழமை மேகலா மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். படப்பைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பேருந்துப் படியில் ஏறித் திரும்பினாள்.

“சாயந்தரம் வர்றப்போ...”

“யம்மா, ஏறுனா உள்ள போ,” என்றார் கண்டக்டர்.

அவள் கை தலைக்குப் போனது. மழித்த இடத்தில் முடி விரலளவு வளர்ந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆறு. ஏழு. பேருந்து நகர்ந்தது.

“சீப்பு,” என்றாள் ஜன்னல் வழியே. “நல்ல சீப்பா ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”