தாழிக்குள் இருந்தவர்

சமயபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊர் மேட்டில் பழைய காலத்து ஆட்கள் வாழ்ந்த தடம் இருக்கிறது என்று சென்னையிலிருந்து தொல்லியல் துறைக்காரர்கள் வந்து குழி தோண்டினார்கள். கூலிக்கு வெளியாட்களைக் கூட்டி வராமல் எங்கள் ஊர்ப் பெண்களையே சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பிரஷ், ஒரு சின்னக் கரண்டி. வாசல் கூட்டிப் பழகிய கைகள் அல்லவா, மண்ணுக்கு நோகாமல் தள்ளினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அத்தை வேலை செய்யும் குழிக்கு ஓடிவிடுவேன். அத்தையும் மாமாவும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள்.

அது பங்குனி. உலகத்து மக்களுக்காகச் சமயபுரத்தாள் தானே பட்டினி கிடக்கும் காலம். அத்தையும் மஞ்சள் சேலை கட்டி, சமைத்த சோறு தொடாமல் விரதம் இருந்தாள். பட்டறையில் இரும்புத்தூள் தெறித்து மாமாவுக்கு ஒரு கண் மங்கிப் போயிருந்தது. அந்தக் கண்ணுக்காகத்தான் வேண்டுதல். நடுவில் சாவுத் தீட்டு பட்டால் விரதம் போச்சு.

ஒரு நாள் அத்தையின் பிரஷுக்கு அடியில் வட்டமாக ஒரு விளிம்பு தெரிந்தது. மண்ணை எடுக்க எடுக்க அது வளர்ந்துகொண்டே போனது. நான் உள்ளே உட்கார்ந்தால் தலை தெரியாது, அவ்வளவு பெரிய தாழி. உள்ளே மண்ணோடு மண்ணாக எலும்பு. ஒரு பல் வரிசை மட்டும் தேயாமல், ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள்.

"பக்கத்துல கிண்ணம் இருக்கு பாருங்க. அதுல நெல்லு" என்றார் வேலையை நடத்திய மேடம், மெதுவாக.

அப்புறம்தான் பேச்சு கிளம்பியது.

"ஏண்டி, விரதக்காரி கைய வச்சுட்டியே. தீட்டாச்சே."

"செத்து எத்தனை தலைமுறையோ. இன்னுமா தீட்டு காயாம இருக்கும்?"

பூசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் குனிந்து எட்டிப் பார்த்தார். பிறகு, "உறவுக்காரங்களுக்குத்தாம்மா தீட்டு. இவர் யாரோ எவரோ. எனக்கு உறவில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தலைக்கு ஊத்திக்க. விரதம் கெடாது" என்றார்.

அத்தை வாயைத் திறந்தாள். குழிக்குள் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நெல்லு வச்சு அனுப்பியிருக்காங்க சாமி, நாம வாய்க்கரிசி போடுற மாதிரி. நம்ம மண்ணுலயே படுத்திருக்காரு. யாரோன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலைங்க."

"அப்ப உன் வீட்டுக்காரர் கண்ணு?" என்றாள் பக்கத்துக் குழியில் இருந்தவள்.

அத்தை கோயில் இருக்கும் திசையைப் பார்த்தாள். "அவளுக்குத் தெரியாதா."

வாய்க்காலில் தலைமுழுகி, மஞ்சள் சேலையை மாற்றிவிட்டாள். மறு வருஷம் குறைவில்லாமல் விரதத்தை முடித்தாள். மாமாவின் கண்ணும் தெளிந்தது, தாயின் கருணை. ஆனால் என் மனசில் நிற்பது அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு சாப்பிட்ட சாப்பாடு. மாமா ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து உட்கார்ந்தார். அத்தையே சமைத்து, எல்லாருக்கும் போட்டு, தானும் உட்கார்ந்தாள். அத்தை எங்களோடு சோறு சாப்பிடுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ரசத்தில் கடுகையே காணோமே என்று குறை வேறு சொன்னேன். துக்க வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.