அம்மா வேனை மறித்த மழைக்காலம்

ரப்பர்ப்பாலின் புளித்த நெடி அம்மாவின் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாது. கிள்ளான் நகரில் கையுறை செய்யும் ஆலை ஒன்றில் வேலை செய்த அவர், அங்கிருந்த தொழிற்சங்கத்துக்கும் செயலாளராக இருந்தார்.

எனக்கு ஒன்பது வயதான மழைக்காலத்தில், மாயா என்ற நேபாளப் பெண்ணின் வலது கை இயந்திரத்தில் சிக்கியது. காயம் ஆறுமுன்பே அவளை ஊருக்கு அனுப்பிவிட நிர்வாகம் முடிவெடுத்தது. விமானம் ஏறிவிட்டால் சிகிச்சைக்கோ இழப்பீட்டுக்கோ யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். செய்தி வந்த சனிக்கிழமை காலை என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆலைக்கு ஓடினார்.

வாசலில் வேன் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மாயா அழுதுகொண்டிருந்தாள். என்னைக் காவலாளி 'ஜாகா' அங்கிளிடம் விட்டுவிட்டு, அம்மா வேனுக்கு முன்னால் ஈரத் தார்ச்சாலையில் உட்கார்ந்தார்.

வேனோட்டி முனியாண்டி எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர். "அக்கா, எந்திரிங்க லா. என் வேலை போயிரும். எனக்கும் புள்ளைங்க இருக்கு," என்று கெஞ்சினார்.

"உன் மேல கோபம் இல்ல தம்பி. அவ கை நல்லாகட்டும். அப்புறம் நானே ஏர்போர்ட்ல கொண்டு விடுறேன்."

முனியாண்டி இன்ஜினை அணைத்தார். உள்ளே வேலையில் இருந்தவர்கள், தமிழரும் மலாய்க்காரரும் வங்காளதேசிகளும், ஒவ்வொருவராக வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். போலீஸ் லோரி வந்து அம்மாவை ஏற்றியபோது நான் வீறிட்டு அழுதேன். "அப்பா வருவாரு, அழாத," என்றார் அம்மா.

மறுநாள் அம்மாவை விட்டுவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்துவிட்டதால் மாயாவை அனுப்புவது நின்றது. அறுவை சிகிச்சை முடிந்து, காயம் ஆறும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்துவிட்டு, தானே விரும்பிய நாளில் அவள் ஊருக்குப் போனாள். அம்மாவின் வேலை மட்டும் போயிற்று; வழக்காடியும் திரும்பக் கிடைக்கவில்லை.

"உனக்கு என்ன கெடச்சது?" என்று அப்பா ஒருமுறை கேட்டார்.

"அவ கையால அவ சாப்பிடுறா," என்றார் அம்மா.

அம்மா போன வருடம் காலமானார். பிரிக்பீல்ட்ஸில் சங்கத்தார் அந்நாளில் கூட்டம் நடத்திய மாடி அறை இப்போது பயணியர் விடுதி. அந்த ஆலை இன்னும் ஓடுகிறது. அங்கே இன்று சங்கம் இல்லை. அதிகாலை பஸ்ஸிலிருந்து இறங்கும் வெளிநாட்டு இளந்தொழிலாளர்கள் வரிசையாக உள்ளே போவதை, வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறேன்.