பாண்டிலட்சுமிக்கு இன்னொரு கதவு

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் பாண்டிலட்சுமியின் கண் முதலில் பின்வாசலைத் தேடும். புது டி.வி., சுவரில் மாட்டிய படம், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எல்லாம் அதற்குப் பிறகுதான். கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் இடம் பிடித்துக் கூப்பிட்டாலும் போகமாட்டார். பக்கவாட்டுக் கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"மொய் எழுதாம ஓடப் பாக்கியாக்கும்?" என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"சாப்பிட்டுட்டு ஓடுவேன்" என்பார்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது தூக்குவாளியோடு தெருமுனையில் நிற்பார். வேலை செய்கிற அறை சின்னது. நாலாபக்கமும் கதவு, எல்லாம் வெளிப்பக்கம் பார்த்துத் திறக்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பொட்டல். சேர்ந்த புதிதில் பக்கத்து அறையில் ஒருநாள் தீப்பிடித்தது. எல்லோரும் தப்பிவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வார்: "எந்திரிச்சது தெரியல, ஓடுனது தெரியல. பாத்தா வேப்பமரத்தடியில நிக்கேன்."

இப்போது வீடு கட்டுகிறார்கள். கணவர் பால்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சிவகாசி ஊருக்குள் வாங்கிய மனையில் அந்த ஆட்டோவைத் திருப்ப முடியாது. நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்.

இன்ஜினியர் முத்துக்கிருஷ்ணன் ஆட்டோவின் பின்தட்டில் பிளானை விரித்தார். முன்னால் ஹால், பின்னால் அடுப்படி, நடுவில் இரண்டு அறை. ஒன்று தைமாதம் கல்யாணமாகப் போகிற மகன் தருண்குமாருக்கு, இன்னொன்று பெரியவர்கள் இருவருக்கும். ஓரமாக, ஹாலிலிருந்து அடுப்படி வரை போகிற ஒடுக்கமான நடை.

பாண்டிலட்சுமி தாளில் விரலை வைத்தார். ஹாலிலிருந்து விரல் தெருவுக்கு வந்தது. அடுப்படியிலிருந்து பின்சந்துக்குப் போனது. மகனுடைய அறையில் நின்றுவிட்டது.

"இந்த நடையில பொகை அடைச்சுக்கிட்டா, இங்கன படுத்திருக்கவுக எப்டித் தம்பி ஓடுறது?"

"வீட்டுக்குள்ள எதுக்குக்கா ஓடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை. முத்துக்கிருஷ்ணன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். பென்சிலை எடுத்து, பெரியவர்களின் அறையை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டார்.

"மேல தெறந்த முத்தமா விட்டிருவோம். தம்பி ரூமுக்கு அதுல ஒரு கதவு. அப்டியே அடுப்படி வழியா பின்சந்துக்கும் போயிரலாம். வெளிச்சமும் வரும்."

பால்பாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. வாடகை வீட்டின் ஒற்றை அறையில் பிள்ளையை உள்ளே போட்டுவிட்டு வாசலோரம் படுத்தே வயதானவர் அவர். கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஓர் அறை வேண்டும் என்பதற்காகத்தான் ராத்திரி லோடெல்லாம் ஓட்டினார்.

"மழை பெஞ்சா வீட்டுக்குள்ள கெண்டை பிடிக்கலாம். முத்தமாம்ல!"

"நம்ம ஊர்ல பெஞ்சா பிடிங்க" என்றார் பாண்டிலட்சுமி.

"நாங்க ஓட மாட்டோம்மா. உனக்கு எல்லாமே கம்பெனிதான்" என்றான் தருண்குமார்.

"ஏலே, எனக்கா கேக்கேன்? நான் வாசல்ல கெடந்துக்கிருவேன். உள்ள படுக்கப்போறது நீயும் வரப்போற பிள்ளையும்லே."

கடைசியில் பால்பாண்டி பழைய பிளானே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பாண்டிலட்சுமி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சண்டைக்குப் போகிற சுபாவம் இல்லை.

மனையில் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தார். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரம், மகனுடைய அறைக்கான கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு கணவரைக் கூப்பிட்டார். வந்தவரின் கண்களை உள்ளங்கையால் பொத்தினார்.

"ஏய், தெருவே பாக்குது."

"பாக்கட்டும். வெளிய போங்க."

பால்பாண்டி சிரித்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார்.

"எங்கன போறீக? அது சுவரு."

திரும்பினார். கை அடுத்த வீட்டுச் செங்கலில் முட்டியது. மறுபக்கம் திரும்பிக் காலால் தடவினார்.

"அது நடை. பொகை அடைச்சிருக்கு."

இன்னொரு பக்கம் திரும்பினார்.

"இது நம்ம ரூமு. இங்கயும் சுவருதான்."

பால்பாண்டியின் சிரிப்பு நின்றது. கையை நீட்டியபடியே அப்படியே நின்றார். பாண்டிலட்சுமி அவர் கண்களிலிருந்து கையை எடுத்தார்.

பால்பாண்டி குனிந்து கோடுகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு, தன் அறையைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக் கோட்டை வெறுங்காலால் தேய்த்து அழிக்க ஆரம்பித்தார்.